மூன்று விமானங்களை நிறுத்திய மாத்திரை

மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வெள்ளை மாத்திரையால் நான் மூன்று விமானங்களை நிறுத்தியிருக்கிறேன். பொம்மை விமானம் இல்லை. முந்நூறு பேரும் அவர்களுடைய மூட்டைமுடிச்சும் ஏறுகிற விமானம். எந்த ராணுவமும் இத்தனை சிக்கனமாக அந்த வேலையைச் செய்திருக்காது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறீர்கள். பரவாயில்லை. நான் வாய் திறந்தால் எல்லாரும் முதலில் அப்படித்தான் பார்ப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். என் மருந்துக்கடைக்குத் தெருவில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: 'பாதி கேப்சூல், பாதி கப்சா'. பசி எடுக்க டானிக் வாங்கிப் போன ஒருவர், வீடு போய்ச் சேர்வதற்குள் கையிலிருந்த குடையின் கைப்பிடியைக் கடித்துத் தின்றுவிட்டார் என்பேன். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அந்த வயிற்றுவலிக்கும் என்னிடமே மாத்திரை வாங்கிப் போவார்கள். வியாபாரம் தெரிந்தவன் நான்.

சிரிக்காத ஆள் ஒருவர்தான். என் மனைவியின் அண்ணன். கடைகளுக்குப் போய் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவர். நான் ஒரு கதையை முடித்தால், "கழிவு போக எவ்வளவு தேறும் மாப்ளே?" என்று கேட்பார்.

"பாதி தேறும் மச்சான்."

"அப்ப கால்வாசி" என்று சொல்லிவிட்டு செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார்.

விமானச் சங்கதியையும் அவர் நம்பவில்லை, போன வாரம் வரைக்கும். அவரிடம் எப்படிச் சொன்னேனோ அப்படியே உங்களிடமும் சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. நீங்களும் கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. தலைவலிக்கு மாத்திரை போட்டால் அது நேராகத் தலைக்குப் போகிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாத்திரைக்கு விலாசம் தெரியாது. வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டே போகும். கால் கட்டைவிரலுக்கும் போகும், காது மடலுக்கும் போகும். வலி இருக்கிற இடத்தில் வேலை செய்தால் அதற்கு நிவாரணம் என்று பெயர். வேறு இடத்தில் வேலை செய்தால் பக்கவிளைவு. மாத்திரை ஒன்றுதான், பெயர் வைப்பது நாம். தும்மலுக்குப் போடும் மாத்திரை தும்மலை நிறுத்திவிட்டு, சும்மா போகாமல் கண்ணையும் மூடிவிட்டுப் போகும்.

ரத்த அழுத்த மாத்திரை இன்னும் அழகு. இறுகிக் கிடக்கும் ரத்தக் குழாய்களைப் போய்த் தளர்த்தும். குழாய் தளர்ந்தால் அழுத்தம் இறங்கும். தேவைக்கு மேல் தளர்ந்தால், உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. எழுந்து நின்றதும் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், தலைக்கு வந்து சேர நேரமாகும். அந்த இடைவெளியில் கண் இருட்டும், தரை நகரும். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டால் சரியாகிவிடும். உட்கார வைக்கிற மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கடையை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்த முதல் மாதத்தில் நான் செத்தே போயிருந்தேன். மிகையாகச் சொல்லவில்லை, கண்ணாடியில் பார்த்தால் ஆள் தெரியவில்லை. காலையில் எழுந்தால் எனக்கு எதிரே கையில் மருந்துச் சீட்டுடன் நிற்க யாரும் கிடையாது. அப்போதுதான் எங்கள் குடியிருப்பின் பெரியவர்கள் தங்கள் மாத்திரைப் பெட்டிகளை என்னிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பார்த்திருப்பீர்கள், வாரத்துக்கு ஏழு அறை, காலைக்கும் இரவுக்கும் தனித்தனி மூடி. கண் தெரியாதவர்கள், கை நடுங்குகிறவர்கள், மறதிக்காரர்கள் எல்லாரும் பெட்டியையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வார விடுமுறை அன்று சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பெட்டிகளை வரிசையாகத் திறந்து வைப்பேன். ஒரு நகரத்தையே மேலேயிருந்து பார்க்கிற மாதிரி இருக்கும். யார் எப்போது தூங்குவார், யாருக்கு எப்போது பசிக்கும், யார் விடியுமுன் எத்தனை தடவை எழுந்து போவார், எல்லாம் என் விரல் நுனியில்.

முதல் பெட்டி என் மனைவியுடையது. அவளுக்கு ரத்த அழுத்தம். வேறு தொந்தரவு கிடையாது. மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு ஏறுகிறவள்.

எங்கள் மகள் கடல் தாண்டி இருக்கிறாள். அவளுக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. என் மனைவி அடர்சிவப்பில் ஒரு பயணப் பெட்டி வாங்கினாள். அடையாளத்துக்குக் கைப்பிடியில் மஞ்சள் நாடா கட்டினாள். ஆறு மாதம் இருந்துவிட்டு வருவாளாம். "நீங்களும் வாங்களேன்ப்பா" என்று மகள் கூப்பிட்டாள். நான் போய்விட்டால் இத்தனை பேருடைய பெட்டியை யார் நிரப்புவது?

"நான் போயிட்டு வந்துடறேங்க. நீங்க உங்க பெட்டிங்களோட சந்தோஷமா இருங்க" என்றாள் இவள். கிண்டலாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அத்தனை மணி நேரம் ஒரே இருக்கையில், இந்த வயதில் கால் வீங்கும். அங்கே குளிர். வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? மகள் குழந்தையைப் பார்ப்பாளா, இவளைப் பார்ப்பாளா? எவ்வளவு சொன்னாலும் கேட்கிற நிலையில் இவள் இல்லை. அவளுடைய மாத்திரைப் பெட்டியின் காலை அறையில் இன்னொன்று சேர்த்து வைத்தேன். அதே மாத்திரை. தெருமுனை டாக்டரம்மா அவளுக்காகவே எழுதிக் கொடுத்தது. வெளியாள் பொருள் எதுவும் அவள் உடம்புக்குள் போகவில்லை என்பதை நீங்கள் வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

புறப்பட வேண்டிய வாரத்தில், சாப்பிட்டுவிட்டு எழுந்தவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, தரை நகருது."

"உக்காரு, சரியாயிடும்" என்றேன். சரியாகிவிட்டது. நான் சொன்னால் சொன்னதுதான்.

டாக்டரம்மா அழுத்தத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இவ்வளவு இறங்கியிருக்கே. மாத்திரை சரியாத்தான் போடறாங்களா?"

"நான்தான் கையில எடுத்துக் கொடுக்கறேன் டாக்டர்."

"நீங்க கொடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். என் கடையில் அவருக்கும் மருந்து வாங்கிய பழக்கம். பயணம் வேண்டாம் என்று அவரே சொன்னார், நான் சொல்லவில்லை.

இப்படித்தான் முதல் விமானம் நின்றது. மச்சானிடம் இந்த இடம் வரை சொன்னபோது அவர் செய்தித்தாளை இறக்கவேயில்லை. "விமானம் அன்னைக்குச் சரியா கிளம்பிப் போச்சே மாப்ளே" என்றார்.

"அவ இல்லாம பறந்துச்சு. அது என்ன பறக்கறதுல சேர்த்தி?"

பயணச்சீட்டை ரத்து செய்த மறுநாளிலிருந்து பழைய அளவுக்கு வந்துவிட்டேன். அவளும் தேறிவிட்டாள். அந்த மாதம் நான் அவளைத் தரையில் விடவில்லை. தேநீர் படுக்கைக்கே போகும். கால் பிடித்துவிடுவேன். குடியிருப்புப் பெண்கள் தங்கள் கணவர்களிடம் என்னைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். அதனால் இரண்டு வீட்டில் சண்டையே வந்தது. பேரன் பிறந்ததை இவள் கைபேசித் திரையில் பார்த்தாள். திரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதிலிருந்த விரல் ரேகையை நான்தான் துடைத்தேன்.

பேரன் உட்காரக் கற்றுக்கொண்டபோது மறுபடியும் பேச்சு வந்தது. இந்தத் தடவை வேலையைத் தொடங்கி வைத்தது நானில்லை. தலைசுற்றல் வந்ததே என்று டாக்டரம்மா அழுத்த மாத்திரையை வேறு வகைக்கு மாற்றியிருந்தார். அந்த வகையில் ஒரு குறும்பு உண்டு. சிலருக்கு அதனால் வறட்டு இருமல் வரும். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, தொண்டைக்குள் இறகு வைத்துத் தேய்க்கிற மாதிரி வெறும் இருமல். இவளுக்கு வந்தது. டாக்டரம்மா கெட்டிக்காரி. "இது மாத்திரையால வர்ற இருமலா இருக்கலாம். அதை நிறுத்திட்டு, இந்தப் புது மாத்திரையைக் கொடுத்துப் பாருங்க" என்று என்னிடம் சொன்னார்.

"கண்டிப்பா டாக்டர்" என்றேன்.

நிறுத்தவில்லை. புது மாத்திரை அட்டை பிரிக்காமலே அலமாரியில் இருந்தது. இருமலும் நிற்கவில்லை. மாத்திரையை நிறுத்தியாயிற்று, இருமல் நிற்கவில்லை, அப்படியானால் காரணம் வேறு என்று டாக்டரம்மா முடிவு செய்தார். இருமலுக்கு ஒன்று எழுதினார், அது தூக்கம் தந்தது. கூடவே வாய் உலர்ந்து, வயிறு கட்டிக்கொண்டது; அதற்கு ஒன்று. ஒரு மாத்திரை செய்ததை இன்னொரு மாத்திரை சரிசெய்யப் போகும். சங்கிலி மாதிரி. முதல் கண்ணி யார் கையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் கடைசிக் கண்ணியை எவ்வளவு இழுத்தும் பயனில்லை. அவளுடைய பெட்டியின் மூடிகள் சரியாக மூடவில்லை, அத்தனை நிரம்பிவிட்டன.

"கைக்குழந்தை இருக்கற வீடும்மா. இருமல் நின்னதும் வா" என்றாள் மகள். எத்தனை பொறுப்பான பிள்ளை பாருங்கள். என் வளர்ப்பு. இரண்டாவது விமானம் அப்படி நின்றது.

மச்சான் இதற்கு, "ஒரு இருமலுக்கு இவ்வளவு கதையா?" என்றார். ஆனால் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துவிட்டார். நான் கவனித்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், எங்களுக்குள் இருந்த அன்பு உங்களுக்குப் புரிவதற்காக. ஒருநாள் நான் முடிதிருத்தப் போயிருந்த நேரத்தில் இவள் ஒரு துணிப்பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். இருமுகிற உடம்போடு, பேருந்தில். நான் திரும்பி வந்து பார்த்தால் வீடு காலி. பயந்துபோனேன். சாயங்காலம் மச்சானே காரில் கொண்டுவந்து விட்டார். வாசலில் என் தோளைத் தட்டி, "உடம்பு முடியாததால என்னவோ பயப்படறா மாப்ளே, பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போனார். அவள் பையை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள். என்னை விட்டு ஒரு பகல்கூட அவளால் இருக்க முடியவில்லை. அதைத்தான் அது காட்டுகிறது.

அதற்குப் பிறகு அவள் மாறிவிட்டாள். சொன்ன பேச்சு கேட்டாள். மகளோடு பேசும்போது பயணத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. சிவப்புப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். காலையில் மாத்திரையோடு நான் போய் நின்றால் எழுந்து உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டுவாள்.

"இன்னைக்கு எத்தனை?" என்று கேட்பாள்.

"எப்பவும் போலத்தான்" என்பேன்.

தலையாட்டுவாள். தண்ணீர் கொண்டுவருமுன்பே, என் முகத்தைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாக விழுங்குவாள். கண் இமைக்க மாட்டாள். முப்பது வருஷம் ஆயிரக்கணக்கான பேருக்கு மருந்து கொடுத்தவன் நான். அப்படி ஒரு நம்பிக்கையை எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

மூன்றாவது விமானத்துக்குக் காரணம் மகள். எங்களைக் கேட்காமல் சீட்டு எடுத்துவிட்டாள். "நானே வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். அங்க நல்ல டாக்டர்ட்ட முழுசா காட்டிடலாம். மாத்திரை எல்லாத்தையும் கையோட எடுத்துட்டு வாங்க, ஒண்ணொண்ணா பார்க்கணும்" என்றாள். தொலைபேசியில் அவள் குரல் என் குரல் மாதிரியே இருந்தது. இவள் அன்றைக்கு வெகுநாள் கழித்துச் சிரித்தாள். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்து, தூசியைத் தட்டினாள்.

அந்த வாரத்துக்கான பெட்டியை நான் நிரப்பினேன்.

மகள் வந்து இறங்கவேண்டிய நாளுக்கு முன்தினம் காலையில், இவள் படுக்கையிலிருந்து எழுந்து குளியலறைக்கு நடந்தாள். நான் கூடத்தில் இருந்தேன். விழுந்த சத்தம் கேட்டது. இடுப்பெலும்பு. அறுவை சிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. பிறகு நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துவிட்டது என்றார்கள். மகள் எடுத்திருந்த இரண்டு திரும்பும் சீட்டுகளில் ஒன்றுதான் பயன்பட்டது.

அந்த விஷயத்தில் என் தவற்றை நான் மறைக்கப் போவதில்லை. குளியலறைக் குழாயை முந்தைய இரவு நான்தான் சரியாக மூடவில்லை. தரை ஈரமாக இருந்தது. இதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். டாக்டரம்மாவிடமும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை நீங்களே வருத்திக்காதீங்க" என்றார்.

அவள் போன பிறகு பெட்டிகள்தான் எனக்குத் துணை. கீழ்த்தளத்துக் கேரம் அறையில் இந்த மூன்று விமானக் கதையைப் பலமுறை சொன்னேன். தபால்காரர் சிரித்துச் சிரித்துக் காய்களைக் கலைத்துவிட்டார். ஓய்வு பெற்ற தபால்காரர், எனக்கு நேர் மேல்வீட்டில் இருப்பவர், என் ஜோடி. "பெண்டாட்டி செத்ததுலகூட உமக்கு ஒரு சாகசம் வேணுமாய்யா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து முடித்து, "நம்ம பெட்டி ரெடியா?" என்று கேட்டு வாங்கிப் போனார். அவரைப்போல ஒரு கேரம் ஜோடி இந்தக் கண்டத்தில் கிடையாது. அடிப்பான் அவர் விரலிலிருந்து கிளம்பினால் காய் தானாகவே வெட்கப்பட்டுக் குழிக்குள் போய் விழும். அப்படிப்பட்டவர் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கப் போவதாகப் போன மாதம் சொன்னார்.

இப்போது கொஞ்ச நாளாக அவருக்குத் தலை சுற்றுகிறதாம்.

போன வாரம் மச்சான் வந்தபோது மேசை நிறையப் பெட்டிகள். அவரும் தன் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். சர்க்கரை வந்துவிட்டது அவருக்கு. நான் நிரப்பிக்கொண்டே மூன்று விமானங்களையும் சொல்லி முடித்தேன். அவர் மடியிலிருந்த செய்தித்தாளை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, எதிர்பார்த்தபடியே, "கதை" என்றார். ஆனால் குரலில் பலம் இல்லை. கதை இல்லை என்று யாராவது சொல்லிவிடப் போகிறார்களோ என்று பயப்படுகிறவர் குரல்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என்ன இருந்தாலும் மனைவியைப் பற்றிய விஷயம். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கலப்படம் இல்லாமல் சொல்கிறேன், அப்போதும் கழிவு போட்டால் எப்படி?

"நிறுத்துப் பார்த்தாதான் நம்புவீங்க, இல்லையா மச்சான்? இந்தாங்க, நிறுத்துப் பாருங்க" என்று தபால்காரரின் பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன். கூடவே தபால்காரருடைய மாத்திரை அட்டையையும். அட்டை இருந்த உறையின் மேல் டாக்டரம்மா கையெழுத்தில் 'காலை ஒன்று' என்று பெரிதாக இருந்தது.

மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் மூடியைத் திறந்து, இரண்டு வெள்ளை மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டினார். அட்டையோடு ஒப்பிட்டார். அடுத்த மூடி. இரண்டு. அதற்கடுத்த மூடி. கைகளைப் பார்க்க வேண்டுமே நீங்கள். அந்தக் காலத்தில் தராசுத் தட்டுக்கடியில் மெழுகு ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாராம், அதே விரல்கள். கடைசி மூடி வரை போனார். பிறகு என் மேசையிலிருந்த எல்லாப் பெட்டிகளையும், தன்னுடையதையும் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டார். நான் தடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாற்பது வருஷமாக என் பேச்சில் கழிவு போட்ட மனிதர், முதன்முறையாகக் கழிவே போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப சொல்லுங்க மச்சான், நடந்ததா இல்லையா?"

கண்ணாடியைக் கழற்றினார். அதையும் பைக்குள் போட்டார்.

"நடந்ததுதான் மாப்ளே" என்றார். "அன்னைக்கு நாலு புடவையோட வந்தாளே, இதைச் சொல்லத்தான் வந்தா. 'அவரு என் மாத்திரையில கை வைக்கிறாரு, என்னை இங்கயே வெச்சுக்கோ அண்ணா'ன்னு கேட்டா. அந்த ஆளுக்கு வாய்தான் நீளம், கை நீளாதுன்னு சொல்லி, நான்தான் அவளைக் கார்ல ஏத்திக் கொண்டுவந்து உங்ககிட்ட ஒப்படைச்சேன்."